ரெண்டரிங் போட்டிக்கான பித்தளைப் பூட்டு ஏன் பிளாஸ்டிக் போலத் தெரிகிறது?

கேள்வி: கப்பலூர் வரைவாளர்

அனைவருக்கும் வணக்கம். மதுரையை அடுத்த கப்பலூர்த் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறையில் ஒன்பது ஆண்டுகளாக வரைபடம் போட்டுக் கொடுத்து வருகிறேன். என் வேலையில் அளவு, டாலரன்ஸ், துளை, மரை ஆகியவைதாம் முக்கியம்; படம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இம்முறை நம் வட்டாரத்துக் கேட் (கணினிவழி வரைபட மென்பொருள்) பயனாளர்கள் சேர்ந்து நடத்தும் ரெண்டரிங் போட்டியில் கலந்துகொள்ளலாம் என்று துணிந்திருக்கிறேன். தாமே உருவாக்கிய முப்பரிமாண மாதிரி ஒன்றை, பார்ப்பவர் புகைப்படம் என்றே நம்பும்படி ஒரே படமாக்கி அனுப்ப வேண்டும் என்பது போட்டி.

நான் எடுத்துக்கொண்ட பொருள், என் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் தொங்கிய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. உடல் பித்தளை, வளைகம்பி இரும்பு. வெர்னியர் வைத்து ஒவ்வோர் அளவையும் எடுத்து, ஃப்ரீகேடில் மாதிரியை முடித்து, எஸ்.டி.எல். கோப்பாக மாற்றி, ரெண்டரிங் செய்யும் பிளெண்டர் மென்பொருளுக்குக் கொண்டு வந்தேன். பொருளின் பண்புகளில் உலோகத்தன்மையை 1 என்றும் சொரசொரப்பை 0.1 என்றும் வைத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு காட்டுச்சூழல் எச்.டி.ஆர்.ஐ. படத்தை (ஓரிடத்தைச் சுற்றியுள்ள வெளிச்சத்தை அப்படியே பதிவுசெய்த படம்) பின்னணி வெளிச்சமாகக் கொடுத்தேன். அளவில் ஒரு பிழையும் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் படத்தைப் பார்த்த என் தங்கை, திருவிழாக் கடையில் விற்கும் விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது என்றாள். எனக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. பழையதாகக் காட்டினால் நம்புவார்கள் என்று எண்ணி, பூட்டு முழுவதும் துருவும் கீறலும் ஏற்றிப் பார்த்தேன். விளையாட்டுச் சாமானைச் சேற்றில் போட்டு எடுத்தது போல ஆயிற்று.

என்னிடம் இருப்பது தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, 8 ஜி.பி. நினைவகம் கொண்ட மடிக்கணினி. ஒரு படம் வர ஆறு மணி நேரம் ஆகிறது. ஆகவே எதையும் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வசதி குறைவு. கீஷாட் போன்ற விலையுள்ள மென்பொருள் இல்லாததுதான் குறையா, அல்லது நான் செய்ததிலேயே தவறு இருக்கிறதா? படத்தை முடித்த பிறகு ஒளி, நிறம் ஆகியவற்றைத் திருத்தலாமா என்பதையும் ஒருங்கிணைப்பாளர் தெளிவுபடுத்தினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: பழங்காநத்தம் டிசைனர்

மென்பொருளில் குறை இல்லை, நண்பரே. உங்கள் பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் "கூர்விளிம்புகளை மழுக்குக" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஒன்பது ஆண்டுகளாக நீங்கள் எழுதி வரும் அந்த வரியை, உங்கள் சொந்தப் பூட்டுக்கு மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள் என்பது என் ஊகம்.

கேட் மாதிரியில் இரண்டு தளங்கள் சந்திக்கும் இடம் கணிதக் கோடு. அதற்கு அகலம் கிடையாது. உண்மைப் பொருளில் அப்படி ஒரு விளிம்பு இருக்கவே முடியாது. அரம் பட்டிருக்கும், பிசிறு (பர்) எடுத்திருப்பார்கள், கைபட்டுத் தேய்ந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் அங்கே கால் மில்லிமீட்டராவது வளைவு இருக்கும். அந்தக் கால் மில்லிமீட்டர் வளைவு பல திசைகளை நோக்கித் திரும்பியிருப்பதால், விளக்கு எங்கே இருந்தாலும் அதன் ஏதோ ஒரு கீற்று அந்த வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பிவிடும். உலோகப் பொருளின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ஒளிக்கோடு அப்படி உண்டாவதுதான். அது இல்லாத பொருளைக் கண்டதும், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட இது பொய் என்று உணர்ந்துவிடுகிறார். ஆகவே ஃப்ரீகேடிலேயே வெளிவிளிம்புகளுக்கு 0.2 முதல் 0.4 மி.மீ. வரை ஃபில்லெட் (விளிம்பு வளைவு) கொடுங்கள். எல்லா விளிம்புக்கும் ஒரே அளவைக் கொடுக்காதீர்கள். ஃபில்லெட் தோற்றுப்போகும் சிக்கலான இடங்களில், பிளெண்டரின் ரெண்டரிங் எந்திரங்களில் ஒன்றான சைக்கிள்ஸில் உள்ள பெவல் நோடு மாதிரியின் வடிவத்தைத் தொடாமல், விளிம்பு வளைந்திருப்பது போன்ற தோற்றத்தை மட்டும் தரும். மற்றோர் எந்திரமான ஈவீயில் அது வேலை செய்யாது.

அடுத்தது எஸ்.டி.எல். கோப்பு. கேட் மென்பொருள் வளைவைச் சமன்பாடாக வைத்திருக்கிறது, எஸ்.டி.எல். அதை முக்கோணங்களாக நறுக்கிவிடுகிறது. எவ்வளவு நுண்மையாக நறுக்குவது என்பதை ஏற்றுமதியின்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். 20 மி.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்துக்கு 0.1 மி.மீ. விலகலை அனுமதித்தால் அது 32 பக்கங்கள் கொண்ட பலகோணமாகிவிடும்; 0.01 மி.மீ. என்றால் 100 பக்கங்கள் கிடைக்கும். மாங்காய்ப் பூட்டில் அழகே அந்த உடலின் வளைவில்தான் இருக்கிறது. அங்கே முக்கோணங்கள் பெரிதாக இருந்தால், மென்மையாக்கும் வசதியைப் போட்டு மறைத்தாலும், மேலே விழும் பிரதிபலிப்பு நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எஸ்.டி.எல். கோப்பில் அலகு என்ற ஒன்றே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். ஃப்ரீகேடில் 62 மி.மீ. என்று இருந்தது, பிளெண்டரில் 62 மீட்டராக வந்து நிற்கும். உங்கள் பூட்டு இப்போது மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை விடச் சற்றே உயரமாக இருக்கலாம், அளவை 0.001-ஆல் பெருக்கிச் சுருக்குங்கள். அப்போதுதான் கேமராவின் குவிய ஆழம் உண்மையில் இருப்பது போல நடந்துகொள்ளும்.

பொருளின் பண்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உலோகத்துக்கு உடல் நிறம் என்று தனியாக ஒன்று இல்லை. அது திருப்பி அனுப்பும் ஒளியின் நிறம்தான் அதன் நிறம். பித்தளை சிவப்பை மிகுதியாகவும் பச்சையைச் சற்றுக் குறைவாகவும் நீலத்தைப் பாதிக்கும் குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. பிளாஸ்டிக்கோ நேராகப் பார்க்கும்போது ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியை மட்டும், அதுவும் வெள்ளையாகவே, பளபளப்பாகத் திருப்புகிறது. மற்றதெல்லாம் அதன் சாயம். எனவே உலோகத்தன்மை 1 என்று நீங்கள் வைத்தது சரி. 0.1 என்ற சொரசொரப்பு உடல் முழுவதும் ஒரே சீராக இருப்பதுதான் தவறு. துரு ஏற்றுவதற்கு முன்னால், அந்த எண்ணை இடத்துக்கு இடம் 0.15-க்கும் 0.4-க்கும் இடையில் மெல்ல மாறவிட்டுப் பாருங்கள்.

மறுமொழி: ஆவணி மூல வீதி படப்பிடிப்பாளர்

நான் கேட் அறியாதவன். தெற்காவணி மூல வீதியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள நகைக்கடைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். மேலே நண்பர் விளிம்பைப் பற்றிச் சொன்னது முழுதும் உண்மை. ஆனால் கேள்வியில் ஓர் இடம் என் கண்ணை உறுத்தியது. பூட்டு மதுரை வீட்டு டிரங்குப் பெட்டியில் தொங்குகிறது; அதன் வயிற்றில் தெரிவதோ எங்கோ ஒரு நாட்டின் ஊசியிலைக் காடு. பார்ப்பவர் இதைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் நம்ப மாட்டார்.

மெருகேறிய உலோகத்தைப் படம் எடுக்கும்போது நாங்கள் உலோகத்துக்கு விளக்குப் போடுவதில்லை. அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதற்குத்தான் போடுகிறோம். வங்கி என்ற கைநகை ஒன்றை எடுப்பதானால் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அந்தத் துணியின் மேல் விழவிடுவோம். வங்கியில் தெரியும் வெளிச்சம் உண்மையில் அந்தத் துணியின் பிம்பம். பிறகு எதிர்ப்பக்கம் ஒரு கறுப்பு அட்டையை வைப்போம். புதிதாக வருகிற பையன்கள் இதற்குத்தான் தயங்குவார்கள், வெளிச்சத்தைக் கெடுக்கிறோமே என்று. அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் பொன் வெளுத்த தகரமாகிவிடும். உருண்டைப் பொருளின் உருண்டை தெரிவது, வெள்ளையிலிருந்து கறுப்புக்கு அது போகும் வழியில்தான். உங்கள் மாங்காய்ப் பூட்டுக்கும் காட்டுப் படத்தை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் பெரிய வெள்ளைப் பலகை விளக்கு, மறுபக்கம் ஒளிராத கறுப்புப் பலகை என்று இரண்டே பொருள்களை வைத்துத் தொடங்குங்கள்.

வெயிலில் காட்ட விரும்பினால், நம்மூர் வெயிலை அறிந்து வையுங்கள். மதுரை 10 பாகை வட அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், சித்திரைத் தொடக்கத்தில் பிற்பகல் பன்னிரண்டேகால் மணியளவில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் எந்தப் பொருளுக்கும் உருவம் தெரியாது, நாங்களும் அந்நேரத்தில் கேமராவைத் தொடுவதில்லை. காலை எட்டு மணிச் சாய்வு வெயில், ஒரு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிப் பூட்டின் நிழற்பக்கத்தைத் தொடுவது போல அமையுங்கள். திருமலை நாயக்கர் மகாலின் தூண்வரிசைக்குள் காலையில் நின்று பார்த்தவர்களுக்கு, முற்றத்து வெயில் அந்தச் சுதைப்பூச்சில் பட்டுத் திரும்பி எப்படி நிழலுக்குள் பரவுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சூரிய விளக்கின் கோணத்தை அரை பாகைக்குச் சற்று மேல் வைத்தால் நிழலின் ஓரம் இயல்பாக வரும். பூஜ்யம் வைத்தால் கத்தரித்து ஒட்டியது போல இருக்கும்.

கேமராவுக்கு 100 மி.மீ. லென்ஸ், லென்ஸின் துளை எஃப் 11 என்று வையுங்கள். முழுச்சட்ட கேமராவில் இவ்வளவு சிறிய பொருளை நெருங்கி எடுத்தால், எஃப் 11-இலும் ஏறத்தாழ ஒரு செ.மீ. ஆழம் மட்டுமே துல்லியமாக விழும். முகப்பும் சாவித்துளையும் தெளிவாக இருந்து, வளைகம்பியின் பின்பக்கம் மெல்ல மங்கினால், கேமராக்காரன் ஒருவன் எதிரே நின்று எடுத்தான் என்று கண் நம்பும். எஃப் 2 வைத்து எல்லாவற்றையும் மங்கலாக்குவது கல்யாண ஆல்பத்துக்கு ஆகும், பூட்டுக்கு ஆகாது.

மறுமொழி: போட்டி ஒருங்கிணைப்பாளர்

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். வெளிச்ச அளவு, மாறுபாடு, வெண்சமநிலை, ஓரம் வெட்டுதல் ஆகியவை அனுமதிக்கப்படும். படத்தின் ஒரு பகுதியை மட்டும் தனியாகத் தீட்டுவதும், உண்மைப் புகைப்படத்தை உள்ளே ஒட்டுவதும் அனுமதிக்கப்படா. எச்.டி.ஆர்.ஐ. படங்களையும் மேற்பரப்புப் படங்களையும் வெளியிலிருந்து எடுக்கலாம், ஆனால் அவற்றின் உரிமம் அதற்கு இடம் தர வேண்டும். பாலி ஹேவன் தளத்தில் உள்ளவை யாரும் தடையின்றிப் பயன்படுத்த இடம் தரும் சி.சி.0 உரிமத்தில் இருப்பதால் சிக்கல் இல்லை. இறுதிப் படத்தோடு, அதே கோணத்தில் நிறம் ஏதும் இல்லாத களிமண் தோற்றப் படம் ஒன்றையும் மாதிரியின் கோடுகள் மட்டும் தெரியும் கம்பிச்சட்டப் படம் ஒன்றையும் கட்டாயம் அனுப்புங்கள். செயற்கை நுண்ணறிவால் வரைந்த படங்கள் வரத் தொடங்கிய பிறகு, மாதிரி உங்களுடையதுதான் என்று நடுவர்கள் அறிய வேறு எளிய வழி தெரியவில்லை.

வெளிவிளிம்புகளை வளைப்பது வடிவத்தை மாற்றுவதாகக் கொள்ளப்படாது. பிளெண்டர் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ் என்ற நிற மாற்றமே இயல்பாக இருக்கிறது. கண்கூசும் வெளிச்சத்தை அது நயமாகக் கையாளும், ஆனால் பித்தளையின் மஞ்சளை ஒளிமிகுந்த இடங்களில் வெளுக்கச் செய்யும். 4.2 முதல் உள்ள க்ரோனோஸ் பி.பி.ஆர். நியூட்ரல் பொருளின் நிறத்தை அதிகம் மாற்றாது. எதைத் தேர்ந்தாலும் மதிப்பெண் குறையாது.

மறுமொழி: திண்டுக்கல் பூட்டுக்காரர் மகன்

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் பூட்டு செய்தவர். நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன் என்றாலும் அரத்தின் சத்தத்தில் வளர்ந்தவன். பொதுவாக ரெண்டரிங் படங்களில் "பழைய பூட்டு" என்று காட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பித்தளையில் செந்துரு பிடிக்காது. துரு பிடிப்பது இரும்பு வளைகம்பியில், அதுவும் மூடியிருக்கும்போது உடலுக்குள் மறைந்து நிற்கும் கால்களில். பித்தளையில் வருவது களிம்பு. புளி போட்டுத் துலக்கும் வீட்டில் களிம்பு விரல் போகிற இடத்திலெல்லாம் போய்விடும். விரல் நுழையாத மூலையிலும் ரிவெட்டின் தலையைச் சுற்றியும் பச்சையாகவோ கறுப்பாகவோ தங்கிவிடும். எங்கே கை எட்டாதோ அங்கே மட்டும் அழுக்கு வையுங்கள்.

கீறலுக்கும் இதே கணக்குதான். இருட்டில் சாவியைத் தடவித் தடவி நுழைத்த கோடுகள் சாவித்துளையைச் சுற்றி விசிறி போல விரிந்திருக்கும். வளைகம்பி திறந்து தொங்கும்போது உடலின் தோள்பட்டையில் மோதும் இடத்தில் ஒரு சிறு பள்ளம், வழவழவென்று மின்னும். முகப்புத் தகட்டில் அரத்தால் ராவிய கோடுகள் ஒரே திசையில் போகும். பட்டறைக்காரர் கையைத் திருப்பிய இடத்தில் மட்டும் சற்றுச் சாயும். ரிவெட்டைத் தட்டி மட்டம் செய்து ராவியிருப்பார்கள், ஆனாலும் உற்றுப் பார்த்தால் நூலிழை போல ஒரு வட்டம் தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது இந்தக் கைவேலைதான். இந்தக் கை தெரியாமல் இருபுறமும் கண்ணாடியில் பார்த்தது போலச் சமமாக இருந்தால், எங்கள் ஊர்க்காரர் எவரும் அதைத் திண்டுக்கல் பூட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

மறுமொழி: கப்பலூர் வரைவாளர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு முதல் வேலையாக அளவைச் சுருக்கினேன். பழங்காநத்தம் நண்பர் கேலியாகச் சொன்னது உண்மைதான், பூட்டு 62 மீட்டரில்தான் நின்றது. விளிம்புகளுக்கு 0.3 மி.மீ. கொடுத்து, காட்டை நீக்கி, வெள்ளை கறுப்புப் பலகைகளை வைத்துச் சிறிய அளவில் ஒரு சோதனைப் படம் எடுத்தேன். துரு ஒன்றும் இல்லாமலேயே பித்தளை பித்தளையாகிவிட்டது. தங்கை இம்முறை "இது நம் பூட்டா?" என்று கேட்டாள்.

வீட்டுப் பூட்டை எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தபோது, திண்டுக்கல் நண்பர் சொன்ன விசிறிக் கீறல் அப்படியே இருந்தது. அளவெடுக்கும்போது பத்து முறை கையில் பிடித்திருந்தும் அது என் கண்ணில் படவில்லை. முகப்பின் இடது ரிவெட் வலது ரிவெட்டை விட அரை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. நான்தான் அளவெடுக்கும்போது தவறு என்று எண்ணி இரண்டையும் சமமாக்கியிருக்கிறேன். அதை இப்போது பழையபடி மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். நிழற்பகுதியில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வருகின்றன. அவற்றை நீக்க, கணினி எய்யும் கதிர்களின் எண்ணிக்கையைக் (சாம்பிள்) கூட்டினால் ஆறு மணி நேரம் ஒரு நாளாகிவிடும். சாவித்துளையை நான் 2 மி.மீ. ஆழமுள்ள குழியாக மட்டுமே செய்திருக்கிறேன். வெளிச்சம் உள்ளே போய் அடிப்பாகம் தட்டையாகத் தெரிகிறது.

மறுமொழி: பழங்காநத்தம் டிசைனர்

புள்ளிகளுக்கு மட்டும் சொல்கிறேன். 1986-இல் ஜேம்ஸ் கஜியா எழுதிய ரெண்டரிங் சமன்பாட்டுக்குத்தான் சைக்கிள்ஸ் இன்றும் தோராய விடை தேடுகிறது. கதிர்களைக் குருட்டாம்போக்கில் எய்து சராசரி எடுப்பதால் புள்ளிகள் வருகின்றன. புள்ளிகளைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். ஆகவே எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது உங்கள் கணினிக்குக் கட்டுப்படியாகாது. நடுத்தரமான எண்ணிக்கையில் நிறுத்தி, புள்ளிகளை நீக்கும் இன்டெலின் ஓப்பன் இமேஜ் டீநாய்ஸைப் பயன்படுத்துங்கள். பிளெண்டரிலேயே இருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலும் ஓடும். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் அரக்கோடுகளையும் புள்ளி என்று எண்ணி அது வழித்துவிடும் என்பதால், முகப்புத் தகட்டை மட்டும் பெரிதாக்கிச் சரிபார்த்த பிறகு முழுப்படத்துக்குப் போங்கள். இரவு படுக்கப் போகும்போது ஓடவிட்டால் காலையில் காப்பிக்குள் முடிந்திருக்கும். மின்வெட்டு வந்தாலும் மடிக்கணினியின் பேட்டரி சிறிது நேரம் தாங்கும், கவலை வேண்டாம்.

மறுமொழி: திண்டுக்கல் பூட்டுக்காரர் மகன்

சாவித்துளைக்கு இரண்டு மில்லிமீட்டர் போதாது, உடலின் பாதி ஆழம் வரை குடைந்துவிடுங்கள். உங்கள் சாவியின் முனையில் துளை இருந்தால் அது குழாய்ச் சாவி. அப்படியானால் சாவித்துளையின் நடுவே ஓர் ஆணி நிற்க வேண்டும், சாவியின் துளை அதன்மேல்தான் அமரும். அந்த ஆணியின் தலையில் மட்டும் ஒரு புள்ளி வெளிச்சம் விழட்டும். உள்ளே லீவர்களை (சாவி தூக்கும் தகடுகளை) எல்லாம் மாதிரியாக்கி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முதல் லீவரின் விளிம்பு மட்டும் இருட்டில் ஒரு கோடாகத் தெரிந்தால் போதும், அதுவும் எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கும். எவ்வளவு ஆழத்தில் என்பதை ஊகிக்காதீர்கள். சாவியைச் செருகி, எந்த இடத்தில் முதலில் தட்டுகிறது என்று பார்த்து, அதே வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள்.